சூசை அண்ணையும் ஓர் அமெரிக்கக் கம்பனியும்

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. சூசை அண்ணை காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்ததும், அதை உறுதிப்படுத்த நான் அவருடைய கைபேசிக்கே அழைத்தேன். எடுத்தவர் அவர் மனைவி மேரி அக்கா.

"ஓம் தம்பி, உண்மைதான். போனை நிப்பாட்டாதை, அவன் எடுப்பான் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்."

இப்படி வீட்டில் கேட்டு உறுதிப்படுத்தும் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவரே அவர்தான். கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் ஒரு பலசரக்குக் கடையின் நிலவறையில் எங்கள் வாரப் பத்திரிகையும் சனிக்கிழமை வானொலியும் இயங்கின. அவர் ஆசிரியர். நகைச்சுவைப் பகுதியும் மரண அறிவித்தலும் என் பொறுப்பு. இரண்டையும் ஒரே குரலில் வாசிக்கிறேன் என்று நேயர்கள் குறைப்பட்டதுண்டு.

கனடாவுக்கு வருமுன் அவர் அமெரிக்காவில் ஒரு பத்திரிகைக் கம்பனியின் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்தவர். சுவரில் மாட்டியிருந்த படங்களைத் துடைத்துத் துடைத்தே அதன் வரலாற்றைப் பாடமாக்கிவிட்டார். சிறு நகரப் பத்திரிகையாகத் தொடங்கியது, வானொலி வந்தபோது மற்றவர்கள் பயந்தார்கள், இவர்கள் ஒரு நிலையத்தையே வாங்கினார்கள், பிறகு தொலைக்காட்சியையும். எந்தக் கூட்டத்திலும் வடை வருமுன் நாங்கள் இதைக் கேட்டாக வேண்டும். முடிவு எப்போதும் ஒன்றுதான்:

"ஆர் செத்தாலும் வீட்டை போன் எடுத்துக் கேட்டுப்போட்டுத்தான் அவங்கள் சொல்லுவாங்கள். அதாலதான் கம்பனி நிலைச்சு நிண்டது."

ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் பகுதியான வில்லரேயில் வசித்த கனகர் காலமானார் என்று வேறொரு வானொலி அறிவித்துவிட்டது. எங்களுக்கு விளம்பரம் தரும் நகைக்கடைக்காரர் நேரே வந்து நின்றார். அவர் விலகினால் எங்கள் வானொலிக்கும் மூடுவிழாதான்.

"எல்லாரும் அழுது முடிஞ்ச பிறகுதான் உங்கட ரேடியோ சொல்லும். இண்டைக்கும் பிந்தினால் என்ர விளம்பரம் அங்கதான் போகும், அண்ணை."

நான் தொண்டையைச் செருமி, சோகத்துக்குத் தயாரானேன். சூசை அண்ணை என்னைக் கையமர்த்திவிட்டு, கனகர் வீட்டு எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார்.

"கனகற்ற வீடோ?"

"ஓம், கனகர்தான் கதைக்கிறன்."

"ஒண்டுமில்லை அண்ணை, சும்மா சுகம் கேக்க எடுத்தனான்."

நகைக்கடைக்காரர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். விளம்பரமும் எங்களோடே இருந்துவிட்டது.

நேற்று அஞ்சலி மண்டபத்துக்கு முதல் ஆளாக வந்து மலர் வைத்தவர் கனகர். போய் வாருங்கள், அண்ணை. உங்கள் அறிவித்தலையும் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வாசித்தேன்.

மண்டப வாசலில் அவருடைய மகள் என்னைத் தனியே அழைத்து ஒன்று சொன்னாள். அந்தக் கம்பனியின் வரலாற்றை அவள் இணையத்தில் தேடிப் படித்தாளாம். அப்படியொரு விதி அங்கே இருந்ததேயில்லை. தங்கள் நிறுவனர் இறந்துவிட்டதாக அவர்களே ஒருமுறை செய்தி போட்டிருக்கிறார்கள். அதை அந்த நிறுவனரே காலைச் சாப்பாட்டு மேசையில் இருந்து படித்தாராம்.