தண்ணீர் பில்லும் சின்னம்மாவும்

வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் இறந்தபோது, அவருடைய மகனுக்கு வீட்டோடு சேர்த்து நாங்களும் வந்து சேர்ந்தோம். மேல்மாடியில் அவர்கள், கீழே நாங்கள். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே தண்ணீர் மீட்டர். பெரியவர் இருந்தவரை பில் வந்தால் பாதிக்குப் பாதி. அதற்குமேல் பேச்சே இராது. மகனோ எச்சில் கையால் காகம் துரத்தாத மனிதர். முதல் மாதமே தலைக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டார். படுக்கையில் கிடந்த என் அம்மாவும் ஒரு தலை.

"அவவின்ர துணியளைத்தானே கூடத் தோய்க்கிறியள்?" என்றார்.

எனக்கு விசர் பிடித்தது. ஆனால் அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? கொடுத்தேன்.

அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் தங்கையோடு கொஞ்ச நாள் இருந்துவிட வேண்டும். சின்னம்மா ஒரு மாதத்துக்கு உடுப்புக் கட்டிக்கொண்டு வந்தார். அன்று பின்னேரம் அம்மா தலையணையில் சாய்ந்திருந்து, யாரோ ஒரு மச்சாளின் கலியாணச் சண்டையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அம்மா சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

மூன்றாம் நாள் நான் வேலை முடிந்து வந்தபோது சின்னம்மா பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் சின்னம்மா? அம்மா ஏதும் சொன்னவவோ?"

"இல்லைப் பிள்ளை. மேல இருக்கிறவர் படியில வைச்சுக் கேட்டவர். மூண்டு நாளுக்கு மேல நிண்டா என்னையும் பில்லில சேர்க்க வேணுமாம்."

"சேர்க்கட்டும். நான் குடுக்கிறன்."

"வீட்டுக்காரரோட பகைச்சுப்போட்டு அக்காவைக் கொண்டு எங்க போவாய்? என்னால உனக்கு ஏன் கரைச்சல்?"

எவ்வளவு கெஞ்சியும் கேட்கவில்லை. இரவு பஸ்ஸில் போய்விட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த மாதமே கண்ணை மூடினார். நாலு வாளி தண்ணீருக்காக என் அம்மாவிடமிருந்து தங்கையைப் பிரித்த அந்த மனிதரை நான் மன்னிக்கவே இல்லை.

செத்தவீட்டுக்கு வந்த சின்னம்மா முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியும்வரை நின்றார். மற்ற உறவுகளும் வந்து, குளித்து, சமைத்து, பாய் விரித்துப் படுத்தார்கள்.

பில் வந்ததும் வீட்டுக்காரர் தானே இறங்கி வந்தார்.

"செத்தவீட்டுக்கு வந்த ஆக்களை நான் கணக்கில சேர்க்கேல்லத் தங்கச்சி. மனிசத்தன்மை எண்டு ஒண்டு இருக்குத்தானே?"

சின்னம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் போகாமல் நின்றார். என் வாயால் நன்றி கேட்கத்தான் நிற்கிறார் என்று விளங்கியது.

"பெரிய உதவி, அண்ணை" என்றேன்.