நலங்கு வைக்காத கை

2023 ஆகஸ்ட் 20, ஞாயிறு, காலை ஐந்தே முக்கால். மேகமூட்டம், காற்றில்லை, வியர்வை கழுத்தில் வடிந்தது. பெரியபாளையத்தில் என் மனைவி ஈரப்புடவையின் மேல் வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு பவானி அம்மன் கோயிலை வலம் வந்தாள். மகளுக்கு வரன் அமைந்தால் வேப்பஞ்சேலை கட்டுவதாக வேண்டுதல். கார்த்திகையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அப்போதே அவள் வலது மணிக்கட்டில் வட்டமாக ஒரு சிவப்பு இருந்தது. ஓரம் மட்டும் தடித்து, அரித்துக்கொண்டே இருக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை மெஸ்ஸுக்கு இட்லி அவித்துக் கொடுப்பவள். கை ஈரம் காயவே காயாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் களிம்பு வாங்கியிருந்தாள். கோயிலுக்குப் போன அன்றிரவுதான் முதலில் தடவினாள். மூன்றாம் நாள் சிவப்பைக் காணோம்.

"இன்னாங்க, பாருங்க. போயே பூட்ச்சு. ஆத்தா கண்ணத் தொறந்துட்டா."

"டியூப்பும் போட்டியே?"

"எல்லாத்தயும் எண்ணிக்கினே இருங்க. ஆத்தா குடுத்ததயுமா எண்ணுவாங்க?"

களிம்பை நிறுத்தினால் திரும்ப வந்தது. வேண்டுதலில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று பயந்து, மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள், களிம்பையும் தடவினாள். அடங்கும், மறுபடி வரும். நான்கு டியூப் தீர்ந்தபோது வட்டமே இல்லை. ஓரம் தெரியாத மங்கல் நிறம், இரண்டு உள்ளங்கைகளிலும், முழங்கை வரையிலும். அவ்வளவாக அரிக்கவுமில்லை. ஆறிக்கொண்டு வருகிறது என்றே நானும் நம்பினேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு திருவள்ளூரில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். தோலைச் சுரண்டிப் பரிசோதித்துவிட்டு, காலி டியூப்பைத் திருப்பிப் படித்தார்.

"இது சாதாரண படர்தாமரைங்க பெரியவரே. இதுல ஸ்டீராய்டு இருக்கு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கிடுச்சு, பூஞ்சைய அடக்கல. அது உள்ளுக்குள்ள நல்லா படர்ந்துடுச்சு. இப்ப பாத்தா யாருக்கும் படர்தாமரைன்னே தெரியாது."

"பத்து நாள்ல போய்டுமாம்மா?"

"மாசக்கணக்கா மாத்திரை சாப்பிடணும். அதுவரைக்கும் அவங்க கை யார் மேலயும் படாம பாத்துக்கங்க."

திரும்பும் வழியில் பஸ்ஸில் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்ப நலங்கு?"



நலங்கன்று பதினோரு சுமங்கலிகள் மகளுக்கு மஞ்சளும் சந்தனமும் பூசினார்கள். என் மனைவி இரண்டு கைகளிலும் துணி சுற்றி, சுடுதண்ணீர் கொட்டிவிட்டதாகச் சொல்லிக் கதவோரம் நின்றாள். பெரு வியாதி, குஷ்டம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு எழுந்துவிடுமோ என்று பயம்.

"பெத்த பொண்ணுக்கு மஞ்சா வெக்கக்கூட கூலி கேக்குறியாடி?" என்று என் அக்கா கிண்டல் செய்ய, எல்லோரும் சிரித்தார்கள்.

"யம்மா, ஒரு வெரலாவது வெய்யும்மா" என்றாள் மகள்.

"நேரம் ஆவுது. அத்தைய கூப்டு, இன்னொரு தாட்டி வெக்கட்டும்."

என் மனைவி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பங்குனியில் கை தெளிந்தது. மகள் ஒரு நாள் வந்து தங்கினாள். விடிந்ததும் இவள் மஞ்சள் குழைத்து அவள் இரண்டு கன்னத்திலும் மெதுவாகத் தடவினாள். மகள் கொஞ்ச நேரம் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "ஷிப்ட்டுக்கு நேரமாவுதும்மா" என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டாள்.

டியூப், டாக்டர், மாத்திரை, பஸ், எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது மூவாயிரத்து நானூற்றுப் பதினைந்து ரூபாய்.