ஜாரைக் கிழிக்கப் போன ஞாயிற்றுக்கிழமை

ரஷ்ய மக்கள் தங்கள் மன்னரான ஜாரை எதிர்த்து ஏன் எழுந்தார்கள் என்று பேசுவதற்காகப் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போனேன். நான் மதுரையில் வரலாறு நடத்துகிறவன். அழைத்தவர் அங்கே பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்க்கும் இப்ராகிம். கூட்டம் காலை பத்து மணிக்கு. வழக்கமான பயணக் குறிப்பு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத வெட்கமாக இருக்கிறது.

மாட்டுத்தாவணியில் ஏழு மணிக்குப் பேருந்து, டிக்கெட் எண்பது ரூபாய். வலது பக்க சன்னலைப் பிடியுங்கள், கிருஷ்ணன்கோவில் தாண்டினால் மலை கூடவே வரும். ஒன்பதே காலுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர். ராஜபாளையம் இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். நேரம் கிடக்கிறது என்று இறங்கிவிட்டேன். கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் பால்கோவா கடைக்குப் போனால், அடுத்த சட்டி இறங்க முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். சூடாகத் தின்ன வேண்டுமே, நின்றேன். அரைக் கிலோ நூற்று அறுபது.

பத்தேகாலுக்கு இப்ராகிம் கூப்பிட்டார். "சார், எங்க வந்துட்டு இருக்கிய?"

"ராஜபாளையத்துக்குள்ள நுழைஞ்சுட்டேன்," என்றேன். அதன்பிறகும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஆடிப்பூரத் தேரைச் சுற்றிப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் கூட்டம் நடக்கும் மண்டபத்தில் கால் வைத்தபோது மணி பன்னிரண்டு. முப்பது பேர் இருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். மடமடவென்று ஆரம்பித்தேன். நிலமில்லாத விவசாயி, பொழுதெல்லாம் ஆலை வேலை, தோற்றுக்கொண்டே போன போர், ரொட்டி கிடைக்காத நகரம். 1905 ஜனவரியில் தொழிலாளர்கள் பெண்டு பிள்ளைகளோடு, மன்னரின் படத்தைத் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு மனுக் கொடுக்கப் போனதைச் சொன்னேன். மன்னர் ஊரிலேயே இல்லை, படை சுட்டது. தன் ஜனங்கள் என்ன பாடு படுகிறார்கள் என்றே தெரியாத ஆள் என்று ஜாரைக் கிழித்துக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் ஒரு பெண் தலை சாய்ந்து தூங்குவது கண்ணில் பட்டது.

"இந்த அக்கா மாதிரி ரஷ்யப் பெண்கள் தூங்கியிருந்தா, ஜார் இன்னும் சிம்மாசனத்துல இருந்திருப்பார்," என்றேன் மைக்கில். ஒருவரும் சிரிக்கவில்லை.

இப்ராகிம் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மாரியம்மாக்கா சார். மில்லுல ராத்திரி ஷிப்ட் ஆறு மணிக்கு முடிஞ்சு, வீட்டுக்குக்கூடப் போகாம நேரா இங்க வந்துட்டாவ. பதினோரு மணிக்கே கெளம்பப் பாத்தாவ. நீங்க ஊருக்குள்ள வந்துட்டியன்னு நான்தான் புடிச்சு உக்கார வச்சேன்."

காது சுட்டது. பேச்சை அத்தோடு முடித்தேன். கேள்வி இருந்தால் கேளுங்கள் என்று மைக்கை வைத்தேன். மாரியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"மில் வேன் எங்களை மம்சாபுரம் வெலக்கு ரோட்டுலயே எறக்கி விட்டுட்டுப் போயிருது சார். ஊருக்குள்ள வரச் சொல்லி மில்லுக்கு மனு எழுதப் போறோம். அதான் கேக்கலாம்னு வந்தேன். படத்தைத் தூக்கிட்டுப் போனவியதான் பொறவு ராஜாவைத் தள்ளுனாவளா?"

"பலர் அதே ஆட்கள்தான். அன்னைக்கே அவங்களுக்கு அவர் மேல இருந்த நம்பிக்கை போச்சு. பன்னிரண்டு வருஷம் கழிச்சு முதல்ல தெருவுக்கு வந்தது நெசவாலைப் பெண்கள்," என்றேன். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: ஸ்ரீவில்லிபுத்தூரைத் திரும்பும்போது பாருங்கள். ராஜபாளையத்திலிருந்து அடிக்கடி பேருந்து உண்டு, அரை மணி நேரம்தான். யாராவது உங்களுக்காக உட்கார்ந்திருந்தால், எங்கிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்றும் நடந்தது; எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றரை மணிக்கு மம்சாபுரம் பேருந்துக்குக் கிளம்பிய மாரியம்மாள் என்னிடம் வந்து, "கண்ணு அசந்துருச்சு சார், தப்பா நெனைக்காதிய," என்றார்.

நான், "பரவாயில்லக்கா," என்றேன்.