மூத்தவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர்

சத்துணவுக் கூடத்தில் குணசுந்தரிக்குப் பயப்படாத பிள்ளை கிடையாது. தலைமை ஆசிரியருக்கே உள்ளூரக் கொஞ்சம் பயம் என்றுதான் பேச்சு. தட்டைக் கழுவாமல் வரிசையில் நின்றால் திட்டு விழும். முட்டையில் மஞ்சளைப் பிய்த்து எறிந்தால் இரண்டு திட்டு விழும். திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி சோறு வைத்துவிடுவாள் என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் வேண்டுமென்றே திட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஆரணியைத் தாண்டி சேத்துப்பட்டு ரோட்டை ஒட்டியிருக்கும் அந்தத் தொடக்கப் பள்ளியில் இருபத்தாறு வருடமாக அவள் கைச்சமையல்தான்.

வீட்டுக்காரர் தருமன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். முள்ளிப்பட்டுத் தறி வீடுகளுக்குப் பட்டு நூலைக் கொண்டுபோய் இறக்குவதும், நெய்து முடித்த புடவைகளை ஆரணிக் கடைகளுக்கு ஏற்றி வருவதும் அவர் பிழைப்பு. வெளியே வாய் ஓயாத மனிதர். வீட்டுக்கு வந்தால் வாயையும் செருப்போடு வாசலில் கழற்றி விட்டுவிட்டு வருவார். மகள் பரிமளாவுக்கு இருபத்தேழு வயது. செய்யாரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவள். ஒரே மகள் என்றுதான் ஊர் சொல்லும்.

ஆனால் இவளுக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். தலைச்சன் பிள்ளை. ஐந்தே நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டு, குணசுந்தரியின் மடியிலேயே அடங்கிப்போனாள். பச்சைக் குழந்தைக்குக் கருமாதி கிடையாது, சுவரில் படம் கிடையாது, அமாவாசைக்குப் படையல் கிடையாது. தருமனும் அவர் அண்ணனும் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார்கள். பெண்கள் வரக்கூடாது என்றார்கள். போனவர்கள் திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள், அத்தோடு பேச்சு முடிந்தது. பால் கட்டிக்கொண்டு மார் வலித்த வலியைக்கூட அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அந்த ஐந்து நாளுக்குள் தருமன் பிள்ளைக்குப் பேர் வைத்துவிட்டிருந்தார். முறைப்படி அல்ல, தொட்டில்கூட இன்னும் கட்டவில்லை. குழந்தையின் காதருகே குனிந்து "பரிமளா" என்று ஒருதரம் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று வெட்கத்தோடு திரும்பிப் பார்த்தார். குணசுந்தரி பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து அடுத்தவள் பிறந்தாள். மாமியார் ஒரே பிடியாக நின்றார். போனவளேதான் திரும்பி வந்திருக்கிறாள், அதே பேரை வையுங்கள் என்றார். அப்படி வைப்பது எங்கள் பக்கத்தில் உள்ளதுதான், யாரும் மறுப்புச் சொல்லவில்லை. குணசுந்தரிக்கும் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. போனவள் வந்துவிட்டாள் என்றால் இனி அழ வேண்டியதில்லை அல்லவா? ஆனால் பிள்ளை வளர வளர விஷயம் வேறாக இருந்தது. இவளுக்குக் காது மடல் வேறு, அழுகை வேறு. பிடிவாதமோ சொல்லி மாளாது. இவள் இவளேதான், அவள் இல்லை. அப்படியானால் மூத்தவள் எங்கே போனாள்? அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதையும் எடுத்துத் தங்கைக்குப் போட்டாயிற்று. செய்துவிட்ட தப்பு புரிந்தபோது, சின்னவள் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தாள்.

மூத்தவள் இருந்திருந்தால் ஒன்றாம் வகுப்பில் சேரவேண்டிய வருடம், ஜூன் மாதத்தில், புதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர் சாப்பிட வந்து உட்கார்ந்தார்கள். குணசுந்தரி பத்தொன்பது தட்டு எடுத்து வைத்துவிட்டாள். தன்னையே திட்டிக்கொண்டு ஒரு தட்டை உள்ளே கொண்டுபோனாள். ஐந்து வருடம் அந்த வகுப்பு மேலே மேலே ஏறிப் போகிறவரை அவள் கண் அந்தப் பிள்ளைகள் மேல்தான் இருந்தது. அவர்கள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம் போனபோது, வெங்காயம் நறுக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒரு பகல் முழுக்க அழுதாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் குணசுந்தரியின் தெருவில் எட்டுக் குடும்பங்கள் பௌத்தத்துக்கு மாறின. தருமன் போனார் என்பதற்காகத்தான் குணசுந்தரியும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். முதல் வருடம் ஆடி மாதத்துக் கூழை நினைத்து ஏங்கினாள் என்பதையும் மறைப்பானேன். சகுனம், நாள், கிழமை, திருஷ்டி எல்லாவற்றையும் விட்டுவிடுவதாக எல்லாரோடும் சேர்ந்து உறுதி சொன்னாள். தருமனும் சொன்னார். ஆனால் இன்றைக்கும் ராகுகாலத்தில் வண்டியை எடுக்கமாட்டார், கேட்டால் அந்த நேரத்தில் ரோட்டில் நெரிசல் என்பார்.

தெருமுனையில் தகரக் கூரை போட்ட கூடம் ஒன்று உண்டு. புத்தர் சிலை, அம்பேத்கர் படம், நாலு ஜமுக்காளம், இவ்வளவுதான் அங்கே. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்தவர்களை நினைக்கும் நாள். வெளியூரிலிருந்து பிக்கு ஒருவர் வருவார். அவருக்கு உணவளித்து, அந்த நல்ல காரியத்தின் பலன் செத்துப்போனவர்களைச் சேரட்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். ஒரு தாம்பாளத்தில் கிண்ணம் இருக்கும். குடும்பத்தார் எல்லாரும் சேர்ந்து ஒரே சொம்பைப் பிடித்து, இறந்தவர் பேரை வாய்விட்டுச் சொல்லி, கிண்ணம் நிறைந்து வழியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். பிண்டமும் எள்ளும் காக்கையும் கிடையாது. ஊற்றி முடித்த தண்ணீரை வெளியே இருக்கும் வேப்பமரத்துக்கு விட்டுவிடுவார்கள். கருமாதியே காணாதவர்களுக்கும் அங்கே தண்ணீர் விழுவதைக் குணசுந்தரி வருடாவருடம் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போதோ வீட்டைவிட்டு ஓடி எங்கோ ஒரு ஊரில் செத்த ஒருவனுக்குக்கூட அவன் தங்கை ஊற்றினாள்.

இந்த வருடம் அந்த ஞாயிற்றுக்குப் பத்து நாள் முன்பு குணசுந்தரி அருள்தாஸைத் தேடிப் போனாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், கூடத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். கம்பத்தில் ஏறி உட்கார்ந்தபடியே பாலி வாசகங்களை மனப்பாடம் செய்ததாகச் சொல்லிக்கொள்வார், அதில் பாதி உண்மையாக இருக்கலாம். குணசுந்தரி வாசலில் நின்று, முந்தானையைச் சுருட்டிக்கொண்டு, இதுவரை யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"அஞ்சு நாள் புள்ளைக்கும் ஊத்தலாமாண்ணா?"

அருள்தாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "செத்ததுல சின்னது பெருசு இன்னாம்மா இருக்குது? அஞ்சு நாள் மண்ணுல இருந்தாலும் பத்து மாசம் உன் வயித்துல இருந்துதே. தாராளமா ஊத்து."

அதோடு விட்டிருக்கலாம். பேர் என்ன என்று கேட்டுவிட்டார். குணசுந்தரி முந்தானையை இன்னும் இறுக்கிச் சுருட்டினாள். பேர் வைக்குமுன்பே போய்விட்டது போலிருக்கிறது என்று அவராகவே நினைத்துக்கொண்டு, "எம் பொண்ணுக்கு" என்று சொன்னால் போதும், அதுவே போய்ச் சேரும் என்றார்.

திரும்பி நடக்கும்போதுதான் அந்த வழியும் அடைபட்டிருப்பது அவளுக்கு உறைத்தது. என் பெண் என்றால் ஊருக்கு யார்? பரிமளாதான். பேரைச் சொன்னாலும் பரிமளாதான். பக்கத்தில் உயிரோடு நிற்கிற பிள்ளையின் பேரைச் சொல்லி எந்தத் தாய் தண்ணீர் ஊற்றுவாள்? சகுனத்தை விட்டாயிற்று என்று உறுதி சொன்னது நிஜம். ஆனால் விடியாத இருட்டில் செய்யார் ரோட்டில் வரிசையாக ஓடும் லாரிகளுக்கு அந்த உறுதிமொழி தெரியுமா? ஊற்றினால் சின்னவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். ஊற்றாவிட்டால் மூத்தவள் இந்த வருடமும் வெளியே நிற்பாள். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு பேரை வைத்துக்கொண்டு அவள் பத்து நாள் படாத பாடு பட்டாள். குழம்பில் உப்பு கூடிப்போய், இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகப் பிள்ளைகள் அவளைப் பார்த்து முகம் சுளித்தார்கள்.

தருமனிடம் மட்டும் ஒரு மாலையில் சொன்னாள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூத்தவளுக்கும் ஊற்ற வேண்டும் என்றாள். அவர் கை நின்றது. அருள்தாஸ் என்ன சொன்னார் என்று கேட்டார். ஊற்றலாம் என்று சொன்னதைச் சொன்னாள். "சரி" என்றார். அப்புறம் துடைத்த இடத்தையே வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிறு வந்தது. பகல் பன்னிரண்டு தாண்டினால் பிக்கு உண்ணமாட்டார். அதனால் எதற்கும் நேரத்துக்கு வராத எங்கள் ஜனம் அன்றைக்கு மட்டும் நேரத்துக்கு வரும். "ஜல்தி, ஜல்தி" என்று அருள்தாஸ் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சமையல் முழுவதும் குணசுந்தரி பொறுப்பு. பிக்கு சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் வெள்ளை உடுப்பில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து திரிசரணமும் பஞ்சசீலமும் சொன்னார்கள். பிறகு ஒவ்வொரு குடும்பமாக எழுந்து முன்னால் போனது.

தருமன் குடும்பத்தின் முறை வந்தது. மூவரும் மண்டியிட்டு ஒரே சொம்பைப் பிடித்தார்கள். பிக்கு ஓதத் தொடங்கினார். அப்பா பேரை, அம்மா பேரை, போன வருடம் போன அண்ணன் பேரைத் தருமன் சொல்லச் சொல்லத் தண்ணீர் விழுந்தது. முடிந்தது என்று பரிமளா சொம்பைக் கீழே வைக்கப் போனாள். அம்மாவின் கை விடவில்லை.

குணசுந்தரி வாயைத் திறந்தாள். தொண்ணூறு பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்கார வைக்கிற தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. பின்னால் சலசலப்புக் கேட்டது. பிக்கு ஓதுவதை நிறுத்தவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை.

"எங்க பெரிய பொண்ணுக்கு" என்றார் தருமன்.

இருபத்தொன்பது வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல்தரம். பரிமளா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாளா என்று மெதுவாகக் கேட்டாள். குணசுந்தரி தலையை மட்டும் அசைத்தாள்.

"அவ பேரு இன்னாம்மா?"

"வாணாம் கண்ணு. பேரு சொல்லாமயே ஊத்திடலாம்."

தருமன் தாம்பாளத்தைப் பார்த்தபடியே சொன்னார். "உன் பேருதாம்மா. அவ பேரத்தான் எடுத்து உனுக்கு வெச்சோம்."

கூடத்தில் இருந்த பெண்களுக்கு அது என்ன என்று உடனே புரிந்துவிட்டது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். குணசுந்தரி சொம்பைப் பின்னுக்கு இழுத்தாள். ஊற்ற வேண்டாம், இப்படியே எழுந்துபோய்விடலாம், மூத்தவள் அம்மாவை மன்னித்துக்கொள்வாள் என்றெல்லாம் அவள் மனம் அடித்துக்கொண்டது.

பரிமளா எழுந்திருக்கவில்லை. அம்மாவின் கைமேல் தன் கையை வைத்து அழுத்தி, சொம்பைச் சாய்த்தாள்.

"எங்க அக்கா பரிமளாவுக்கு" என்றாள். கூடம் முழுக்கக் கேட்டது.

அக்கா. அந்த ஒரு வார்த்தை குணசுந்தரிக்குப் போதுமாக இருந்தது. பேரை யாரும் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை, அக்காவும் தங்கையும் ஒரே பேரை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். இடது கையால் சின்னவளின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள். நாடி துடிப்பது விரலுக்குத் தெரிந்தது. பிறகு அவளும் சொன்னாள், பரிமளாவுக்கு, எம் மூத்தவளுக்கு என்று. கிண்ணம் நிறைந்து தாம்பாளத்தில் தண்ணீர் வழிந்தது. தருமன் அழுதார், மூக்கைச் சிந்தத் துண்டைத் தேடினார், அது தோளிலேயே இருந்தது.

தண்ணீரை மரத்துக்கு விட்டுவிட்டு வரும்போது பரிமளாவுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அக்கா எப்படி இருந்தாள் என்று கேட்டாள். காது மடல் ரோஸ் நிறமாக இருக்கும், தூங்கும்போது வலது கையை மட்டும் மூடிக்கொள்வாள் என்று குணசுந்தரி சொன்னாள். சொல்வதற்கு இன்னும் நாலைந்து விஷயங்கள் இருந்தன. அவற்றையும் சொன்னாள்.

பந்தி போட்டார்கள். முள்ளிப்பட்டிலிருந்து அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சுகன்யா, கைக்குழந்தையைக் கிளப்பிக்கொண்டு தாமதமாக அப்போதுதான் வந்து உட்கார்ந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சாம்பார் வாளியோடு வந்த குணசுந்தரியிடம், புதுப்பெண்கள் கேட்கிற மாதிரி, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் அத்தை என்று சும்மா கேட்டுவைத்தாள். பக்கத்து இலைக்காரிகள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்கள்.

"ரெண்டு பொண்ணும்மா" என்றாள் குணசுந்தரி, சோற்றைக் குழித்து சாம்பாரை ஊற்றிக்கொண்டே. "பெரியவ அஞ்சு நாள் இருந்தா. சின்னவ அதோ, அப்பளம் போட்டுகினு வரா."