சீர்ப் பாத்திரங்களுக்குப் பின்னால் வைத்த வைஃபை

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் செல்போன் சிக்னல் கிடைக்காது. வைஃபை இருந்தால்தான் பேச முடியும்.

மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பெண் பார்க்க வந்தபோது, ஹாலில் ஒயர் தொங்குவது அசிங்கமாகப் பட்டது. வைஃபை பெட்டியை ஷோகேசுக்குள், என் சீர்ப் பாத்திரங்களுக்குப் பின்னால் தள்ளினேன். அவர்கள் போன பிறகும் எடுக்கவில்லை.

மறுநாள் மாடியில் படுத்திருந்த கணவருக்கு நெஞ்சு வலி. கத்தக் குரல் எழும்பவில்லை. கீழே நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அது அடிக்கவே இல்லை. ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தார்.

"கூப்பிட்டேன் அம்மணி. போன்ல வட்டம் சுத்தீட்டே இருந்துச்சு."

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். "இத்தனை பித்தளைய முன்னால வெச்சா சிக்னல் எப்படிம்மா மேல போகும்?" என்று மகள் கேட்டாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இப்போது பெட்டி மாடிப்படிச் சுவரில், உயரத்தில், ஒயரெல்லாம் வெளியே தெரியத் தொங்குகிறது. "ஏனுங்க, அதை மறைச்சு வெக்கலாமுங்களே" என்கிறார்கள் வருகிறவர்கள்.

தினமும் காலையில் அவர் மாடியிலிருந்து ஒருமுறை கூப்பிடுகிறார். எடுக்கிறேன். இருவரும் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுகிறோம்.