படிக்கட்டில் ஆறுச்சாமி சார் கேட்ட கேள்விகள்

திங்கட்கிழமை காலை, ஆறுச்சாமி சாரை இதய ஸ்கேன் எடுக்க அழைத்துப் போவதற்காகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். கைபேசி அடித்தது. அவர் மனைவி சரோஜா. "மெதுவாவே வாங்க சார். இனி அவசரமில்லீங்க" என்றார். விடியும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். எனக்கு அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. இத்தனை வாரம் இழுத்தடித்த மனிதர் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா?

கிணத்துக்கடவுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் நான் உயிரியல் நடத்தினேன். அவர் உடற்கல்வி ஆசிரியர். அவரிடம் ஓடிப் பழகிய பழைய மாணவர்களான உங்களுக்கு அவருடைய முதல் சட்டம் மறந்திருக்காது: வாயை மூடு, மூக்கால் மட்டும் மூச்சு விடு. வேகம் கூடினால் மூக்கு போதாது, வாய் தானாகத் திறக்கும், அதைத் தடுக்காதீர்கள் என்று மைதானத்துக்கே போய்ச் சண்டை போட்டிருக்கிறேன். "வாயைத் தொறக்க உட்டா ஓட மாட்டாங்க சார், பேசுவாங்க. உங்க கிளாஸ்ல பாக்கறீங்கல்ல" என்பார். நாங்கள் ஓய்வு பெறும் வரை அந்தச் சட்டம் மாறவே இல்லை.

பிறகு இருவரும் வடவள்ளியில் குடியேறி, ஞாயிறுதோறும் மருதமலைப் படி ஏறினோம். போன வருடம் அவருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. பாதி வழியில் மண்டபத்து நிழலில் நிற்பார். "ஏனுங்க சார், ஓடறப்ப மூச்சு எப்படிங்க தானாக் கூடுது? இன்னொருக்காச் சொல்லுங்க." இத்தனை காலம் கேட்காதவர் கேட்கிறாரே என்று நானும் சளைக்காமல் சொல்வேன். மூச்சை முடுக்குவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு அல்ல. உழைக்கும் தசைகள் வெளியேற்றும் கரியமில வாயு ரத்தத்தில் கூடினால் மூளைத்தண்டு அதை உணர்ந்து மூச்சைக் கூட்டுகிறது. ஆனால் முதல் அடி வைத்ததுமே மூச்சு கூடுகிறதே, வாயு சேர நேரம் ஏது? கல்யாண வீட்டுச் சமையல்காரர் பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகா உலை வைக்கிறார்? வாசலில் வேன் வந்து நின்றதுமே வைத்துவிடுகிறார். அதுபோல, காலுக்குக் கட்டளை போகும்போதே மூச்சுக்கும் தகவல் போய்விடுகிறது. அசையும் தசைகளும் மூட்டுகளும் சேதி அனுப்புகின்றன. அதன்பின் வந்த கூட்டத்தைப் பார்த்து அரிசியைக் கூட்டிக் குறைப்பதுபோல் மூளை சரிசெய்கிறது. அவர் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு ஞாயிறு, நான் சொல்லி முடித்த பிறகும் அவர் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நின்றதும் மூச்சு சட்டென்று கொஞ்சம் இறங்கும், மீதி மெல்லத் தணியும். அதுதான் இயல்பு. இவருக்கோ என் பந்தி முடிந்து இலை எடுத்த பிறகும் தணியவில்லை. குனிந்து பார்த்தேன். அடிவாரத்தில் கழற்றிவிட்டு வந்த செருப்பின் வார்த்தடம் வீங்கிய பாதத்தில் இன்னும் பள்ளமாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேட்டதற்குச் சிரித்தார். "நில்லுங்கன்னு சொன்னா நீங்க சங்கடப்படுவீங்க. கேள்வி கேட்டா சந்தோஷமா நிப்பீங்க."

மருத்துவரிடம் போங்கள் என்றேன். ஓடும் பழக்கம் விட்டுப்போனதால்தான் மூச்சு இளைக்கிறது என்றார். ஒருவழியாகப் போய் வந்ததும், என்ன சொன்னார் என்று விசாரித்தேன்.

"படி ஏறறப்ப பேச முடியுதான்னு கேட்டாருங்க. மலை முழுக்கப் பேசிக்கிட்டேதான் ஏறறோம்னு சொல்லிப்போட்டேன்."

"பேசியது யார்?"

"நீங்கதானுங்க. அவரு அதைக் கேக்கலியே."

மருத்துவர் அப்படியும் ஸ்கேனுக்கு எழுதியிருந்தார். அந்தப் பதிலை நம்பி, அவசரமில்லை என்றாராம். இவர் தன் தோப்பில் தேங்காய் வெட்டு முடியட்டும் என்று தள்ளிவைத்திருந்தார். சனிக்கிழமை அவர் வீட்டுக்கே போய்ச் சத்தம் போட்டேன். காபி கொண்டுவந்த சரோஜா, கொஞ்ச நாளாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று நாற்காலியிலேயே தூங்குகிறார் என்றார். இப்போதே கிளம்புங்கள் என்று கையைப் பிடித்தேன். மறுநாள் தங்கை மகள் கல்யாணம். "மாமன் இல்லாம எப்படிங்க சார்? திங்கக்கிழமை கண்டிப்பா வாரேன்." எவ்வளவு மன்றாடியும் அசையவில்லை.

கல்யாணத்தில் நடந்ததைச் சரோஜா பிறகு சொன்னார். சீர்த்தட்டோடு மண்டபப் படியேறும்போது நின்று நின்று, எதிர்ப்பட்டவர்களையெல்லாம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாராம். மாமன் எல்லோரையும் விசாரிக்கிறார் என்று சொந்தக்காரர்களுக்கு ஒரே மகிழ்ச்சி.

என் மேல் மரியாதை வைத்துத்தான் கேட்டார் என்பது தெரியும். அந்த மரியாதை மேல்தான் எனக்கு இன்னும் கோபம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். கூட நடப்பவர் படியில் நின்று ஏதாவது கேட்டால் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை, அவர் தோளைப் பார்க்கிறேன். ஆறுச்சாமி சாரிடம் ஓடிய உங்களுக்கும் வயதாகிறது, நீங்களும் பாருங்கள். போன வாரம் என் மைத்துனர் பாதிப் படியில் நின்று உடுமலையில் தேங்காய் என்ன விலை என்று கேட்டார். உட்காருங்கள் என்றேன். முறைத்தார். தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.