தண்ணீரில் மிதக்கும் வீடு

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்கு அடியில், கால்வாய்க் கரையில் நின்று இட்லி சாப்பிடுகிறேன். தூண்களுக்கு நடுவே கறுத்த நீர் அசையாமல் கிடக்கிறது. இன்று மாலை ஹாலந்துக்கு விமானம். அங்கே பழைய சரக்குப் படகு ஒன்றை வாங்கி, கால்வாய் கால்வாயாகச் சுற்றிக்கொண்டு அதிலேயே குடியிருக்கப் போகிறேன். பெருமை தாங்காமல், இட்லி விற்கும் அம்மாவிடம் செல்போனில் படகின் படத்தைக் காட்டுகிறேன். இந்தக் கரையில் குடியிருந்த அவரை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள்; வியாபாரத்துக்கு மட்டும் தினமும் முதல் பஸ்ஸில் இங்கே வருகிறார். கையைப் புடவையில் துடைத்துவிட்டு உற்றுப் பார்க்கிறார்.

"வெள்ளம் வந்தா இன்னா பண்ணுவ நைனா?"

"தண்ணி ஏறினா படகும் கூடவே மேல ஏறிடும்மா."

அவர் எதிரே மூன்றாவது தூணைக் காட்டுகிறார்.

"அங்கதான் எங்க வூடு இருந்துச்சு. அது ஏறல. எங்க வூட்டுக்காரருதான் மெதந்தாரு."